தூக்கும் கல், இறக்கும் கல்: திருவிதாங்கூரில் உடல்வலிமையின் வரலாறு

1

திருவனந்தபுரம் தலைநகராவதற்கு முன்பு திருவிதாங்கூரின் ஆட்சி பத்மநாபபுரத்திலிருந்து நடந்தது. அந்த அரண்மனை இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. ஆயினும் அதைப் பராமரிப்பது கேரள அரசு. அரண்மனையைக் காண வருவோர்க்கு வழிகாட்டிகள் தவறாமல் காட்டும் பொருள்களுள் ஒன்று, மேடைமேல் வைக்கப்பட்டிருக்கும் உருண்டைக் கருங்கல். அதன் எடை 38 கிலோ என்பர். படையில் சேர வந்த இளைஞன் அக்கல்லை இடைவிடாமல் நூறு முறைக்கு மேல் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும் என்பது அங்குச் சொல்லப்படும் மரபுச்செய்தி.

இதற்கு உறவான வழக்கம் தென் தமிழகத்து ஊர்களிலும் உண்டு. கோயில் முன்றிலிலோ ஊர்ப் பொதுவிடத்திலோ வழவழப்பான பெரிய உருண்டைக்கல் ஒன்று கிடக்கும். இளவட்டக்கல் என்பது அதன் பெயர். கல்யாணக்கல் என்றும் வழங்கும். நூறு கிலோவையும் தாண்டக்கூடிய அக்கல்லைக் குந்தி அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்கு உயர்த்தி, தோளைக் கடந்து பின்புறமாகப் போடுபவன் மணமகனாகும் தகுதி பெற்றான் என்பது வழக்கு. திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளையில் பொங்கலையொட்டி இக்கல் தூக்கும் போட்டி இன்றும் நடைபெறுகிறது. பெண்களும் அதில் கலந்துகொள்கின்றனர்.

இரண்டும் தூக்கும் கற்கள். இவற்றுக்கு நேர்மாறான இன்னொரு கல் இதே நிலப்பரப்பின் வழியோரங்களில் நின்றது. இரண்டு கற்றூண்களை நட்டு, அவற்றின் மேல் ஒரு பலகைக்கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தமிழில் அது சுமைதாங்கி. கேரளத்தில் சுமடுதாங்கி என்றும் அத்தாணி என்றும் பெயர். தலைச்சுமையோடு நடந்து வருபவர் குனியாமலும் பிறர் உதவியில்லாமலும் பாரத்தை இறக்கி வைத்து இளைப்பாறுவதற்கான உயரத்தில் அது அமைந்திருக்கும். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டும் வழக்கமும் தமிழகத்தில் இருந்தது. இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்கு ஈடாக, பிறர் சுமையை இறக்கி வைக்க ஒரு கல்.

ஒரே சமூகம் இரு வகைக் கற்களையும் நட்டது. ஆனால் தூக்கியவரும் இறக்கியவரும் பெரும்பாலும் வேறு வேறு மனிதர்கள். தூக்கியவனின் வலிமை எண்ணப்பட்டது, பேசப்பட்டது, பெண்ணோ பதவியோ தந்து பாராட்டப்பட்டது. சுமந்தவரின் வலிமை கூலியாகவோ கூலியில்லாமலோ செலவழிந்தது. உடல்வலிமை எல்லா மனிதர்க்கும் உரிய உடல்நலத் தேவை என்னும் எண்ணம் இவ்விரு கற்களில் எதிலும் இல்லை. அவ்வெண்ணம் மருத்துவத்தில் நிலைபெற்றது மிக அண்மைக் காலத்தில். அதற்கான சான்றுகளுள் ஒரு பகுதி திருவனந்தபுரத்திலிருந்தும் சென்றது என்பதே இக்கட்டுரையின் செய்தி.

2

சொற்களிலிருந்து தொடங்கலாம். உடலை வருத்தும் இருவகைச் செயலுக்குத் தமிழில் இரு வினைகள் உள்ளன: உழைத்தல், பயிலுதல். ‘உழை’ என்பதற்கு வேலை செய்தல் என்ற பொருளோடு துன்புறுதல் என்ற பொருளும் அகராதிகளில் உண்டு. ‘பயில்’ என்பதற்குப் பழகுதல், கற்றல் என்பவற்றோடு நெருங்குதல், அடிக்கடி நிகழ்தல் என்னும் பொருள்களும் உண்டு. பயிற்சி என்பதன் அடியில் திரும்பத் திரும்ப நிகழ்தல் என்ற கருத்து இருக்கிறது. களரிப்பயற்று என்னும் மலையாளச் சொல்லின் ‘பயற்று’ இதே வேரின் கிளை.

உடற்பயிற்சியைக் குறிக்கத் தமிழில் முன்பு வழங்கிய ‘கசரத்து’ உருது, இந்தி வழியாக வந்தது. அதன் அரபு மூலத்துக்கு மிகுதி, பன்மை என்பது பொருள். தொடர்பில்லாத இரு மொழிக்குடும்பங்கள், உடலைப் பழக்குவதற்குப் பெயரிடும்போது ஒரே கருத்தை, அதாவது மீள்நிகழ்வை, அடியாகக் கொண்டிருக்கின்றன.

‘மெய்’ என்ற சொல்லும் கவனத்துக்குரியது. தமிழில் அது உடலையும் உண்மையையும் ஒருங்கே குறிக்கும். களரியின் முதற்கட்டப் பயிற்சிக்கு மலையாளத்தில் மெய்ப்பயற்று என்று பெயர். ஆயுதம் தொடுவதற்கு முன்பு உடலைப் பயிற்றும் கட்டம் அது. உடல் முழுவதும் கண்ணாக வேண்டும் என்னும் கருத்துடைய பழமொழியும் களரி மரபில் உண்டு.

சுமையைக் குறிக்கும் சொல்லோ இரு மொழிகளுக்கிடையில் இடம் மாறியிருக்கிறது. தமிழில் சும்மாடு என்பது தலைக்கும் பாரத்துக்கும் இடையில் வைக்கும் துணிச்சுருள். மலையாளத்தில் சுமடு என்பது பாரமே. திருவனந்தபுரத்தின் சாலைக் கடைவீதியில் இரு மொழிகளும் ஒரே தெருவில் புழங்குவதால், தலைமேல் உள்ள துணியும் அதன்மேல் உள்ள மூட்டையும் ஏறத்தாழ ஒரே ஒலியில் அழைக்கப்படுகின்றன.

3

திருவிதாங்கூர் அரசில் உடலின் பயன்பாடு சாதியால் வரையறுக்கப்பட்டிருந்தது. ஊழியம் என்னும் கூலியற்ற கட்டாய வேலை ஒடுக்கப்பட்ட சமூகத்தினர்மீது சுமத்தப்பட்டது. அரசுக்கும் கோயில்களுக்கும் வேண்டிய பொருள்களைச் சுமந்து செல்வது அதன் ஒரு பகுதி. அடிமை முறையை ஒழிக்கும் அரச அறிவிப்பு 1855இல்தான் வந்தது. சுமைதாங்கிகளின் அருகில் நின்றவர்கள் யார் என்பதை இந்தப் பின்னணியில் வைத்தே எண்ண வேண்டும்.

படைப்பயிற்சியின் வரலாறு வேறு வகையானது. நாயர் படைவீரர்களுக்கான பயிற்சிக்கூடமாகக் களரியைக் காண்பது பொது வழக்கம். ஆனால் ஈழவர் உள்ளிட்ட பிற சமூகத்தாரிடமும் களரி இருந்தது. தென் திருவிதாங்கூரில், தமிழ் பேசும் ஆசான்களின் வழியாக அடிமுறையும் வர்ம மருத்துவமும் தழைத்தன. அடிக்கும் இடத்தை அறிந்தவரே ஆற்றும் முறையையும் அறிந்திருந்தார். பயிற்சியும் மருத்துவமும் ஒரே கையில் இருந்தன என்பது பின்னால் வரப்போகும் செய்திகளுக்கு முக்கியமானது.

1809இல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி அடக்கப்பட்டபின் நாயர் படையின் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1805இல் பழசிராஜாவின் வீழ்ச்சியோடு மலபாரிலும் ஆயுதம் தாங்கிய எதிர்ப்பு ஒடுக்கப்பட்டிருந்தது. துப்பாக்கியும் கூலிப்படையும் வந்தபின் வாளுக்காகப் பழக்கிய உடலுக்கு அரசிடம் வேலை இல்லை. பத்மநாபபுரத்துக் கல் காட்சிப்பொருளாக மாறும் காலம் தொடங்கியது.

4

அரசு கைவிட்ட வலிமைக்கு அடுத்துக் கிடைத்த இடம் மேடை. தலச்சேரியில் களரியும் உடற்பயிற்சியும் கற்பித்த கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901இல் சிறக்கரையில் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். களரியில் வளைந்த உடல்கள் கூடாரத்தின் கம்பிகளில் ஊசலாடத் தொடங்கின. இக்காலத்தில்தான் ஐரோப்பாவில் உடலழகுக் காட்சியால் பெரும்புகழ் பெற்றிருந்த யூஜின் சாண்டோ இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். ஆந்திரத்து வீரகட்டத்தில் பிறந்த கோடி ராமமூர்த்தி நாயுடு சங்கிலியை அறுப்பதும், மார்பின்மேல் யானையை நிறுத்துவதுமாகக் கூட்டங்களை வியக்கவைத்தார். பெங்களூரில் கே.வி. ஐயர் உடற்பயிற்சிக்கூடம் நடத்தியதோடு அஞ்சல்வழிப் பாடங்களையும் அனுப்பினார். சென்னையில் 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, உடற்பயிற்சியைப் பள்ளிப் பாடத்துக்குள் கொண்டுவரும் ஆசிரியர்களை உருவாக்கியது.

இந்தப் போக்குவரவு ஒருவழிப்பாதையாக இருக்கவில்லை. தமிழகத்தில் கரலாக்கட்டை என்று வழங்கும் சுழற்றுகட்டையின் இந்திய வடிவங்களைக் கண்ட பிரிட்டிஷ் படையினர் 19ஆம் நூற்றாண்டில் அதைத் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றனர். அங்கே அது ‘இந்தியக் கட்டை’ என்ற பெயரில் வீட்டுக்கூடங்களிலும் பள்ளிகளிலும் ஆண், பெண் இருபாலார்க்கும் உரிய பயிற்சியாயிற்று. 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் விளையாட்டுகளில் அது போட்டியாகவும் இடம்பெற்றது. ஓர் எளிய மரக்கட்டை, மல்லரின் கூடத்திலிருந்து சாதாரண மனிதரின் வீட்டுக்குள் நுழைந்தது அங்கேதான். இங்கே அது இன்னும் பயில்வானின் அடையாளமாகவே இருந்தது.

களரியின் மறுமலர்ச்சிக்கு முதன்மைக் காரணர்களுள் இருவர் கோட்டக்கல் கணாரன் குருக்களும் அவர் மாணவர் சி.வி. நாராயணன் நாயரும். நாராயணன் நாயரின் பெயரெழுத்துகளைத் தாங்கிய சி.வி.என். களரி 1956இல் சி.வி. கோவிந்தன்குட்டி நாயரால் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், பத்மநாபசுவாமி கோயிலுக்கு அருகில் நிறுவப்பட்டது. நிலமட்டத்துக்குக் கீழே தோண்டிய மண்தரை; நீளம் 42 அடி, அகலம் 21 அடி என்ற மரபளவு; தென்மேற்கு மூலையில் ஏழு படிகளையுடைய பூத்தறை. பயிற்சிக்களத்தோடு உழிச்சிலும் மர்ம சிகிச்சையும் சேர்ந்த ஒரு மருத்துவமனை. 1970களில் அங்கு வந்து பயின்ற அமெரிக்க ஆய்வாளர் பிலிப் சாரிலி பின்னர் எழுதிய நூலால் உலகப் பல்கலைக்கழகங்கள் இக்களரியை அறிந்தன.

அதே 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர் இரண்டாகப் பிரிந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அடிமுறை ஆசான்களுள் பலர் எல்லைக்குத் தெற்கே ஆயினர். வடமலபாரின் மரபு தலைநகரில் களரியின் பொதுமுகமாக அமைந்தது. மண்ணின் தென்மரபு அண்டை மாநிலத்தின் நாட்டார் கலையாகச் சுருங்கியது. மொழிவாரி எல்லை உடற்பயிற்சியின் வரலாற்றையும் இவ்வாறு வகுத்துவிட்டது.

களரியின் வடிவுகளை இன்றைய உடலியங்கியல் கண்ணால் நோக்கினால் ஒன்று தெளிவாகும். யானை, குதிரை, பன்றி முதலியவற்றின் பெயரால் அமைந்த நிலைகளில் பல, இடுப்பைத் தாழ்த்தித் தொடையில் உடலெடையைத் தாங்குபவை. முதுமையில் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவதற்கு வேண்டிய தசைகளே அங்குப் பழக்கப்படுகின்றன. ஆயினும் களரி, பயில விரும்பிச் சென்றவர்களின் இடமாகவே இருந்தது. அறுபது வயதுக் குடும்பத்தலைவி ஒருத்திக்கு வலிமைப்பயிற்சி தேவை என்று களரியும் சொல்லவில்லை, அலோபதி மருத்துவமும் சொல்லவில்லை.

5

மருத்துவத்தின் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. எடை தூக்கினால் இதயம் பழுதாகும், தசை இறுகி உடல் விறைக்கும் என்ற எண்ணம் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மருத்துவர்களிடையே பரவியிருந்தது. அதை அசைத்தவர்களுள் முதன்மையானவர் தாமஸ் டிலோர்ம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சிகாகோவின் கார்டினர் இராணுவ மருத்துவமனையில் அவர் பணியாற்றினார். காயமுற்ற வீரர்கள் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தனர். இலேசான அசைவுகளை நூற்றுக்கணக்கில் செய்யவைப்பதே அன்றைய சிகிச்சை. டிலோர்ம் அதைத் தலைகீழாக்கினார்: பத்து முறை மட்டுமே தூக்க இயலும் அளவுக்குக் கனமான எடை, வாரந்தோறும் அதில் சிறிது ஏற்றம். 1945இல் வெளியான அவரது கட்டுரை, தசைவலிமையை மீட்க எடையைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும் என்ற கொள்கையை மருத்துவத்துக்குள் நிறுத்தியது.

பத்மநாபபுரத்துக் கல்லோடு இதை ஒப்பிடலாம். அக்கல்லின் எடை மாறாது; தூக்க முடிந்தவன் உள்ளே, முடியாதவன் வெளியே. அது ஒரு தேர்வு. டிலோர்மின் எடையோ ஆளுக்கு ஏற்ப மாறுகிறது. நேற்று நான்கு கிலோவைத் தூக்கியவர் இன்று ஐந்து கிலோவைத் தூக்குகிறார். வலிமை உள்ளவரைக் கண்டறிவதிலிருந்து வலிமை இல்லாதவரை வலியவராக்குவதற்கு நோக்கம் மாறியது. இளைஞர்க்கும் வீரர்க்கும் மட்டும் உரியதாக இருந்த பயிற்சி எல்லார்க்கும் உரியதாகும் வாயில் இங்கே திறந்தது.

அவ்வாயிலில் முதியோர் நுழைய மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. வயதோடு தசை குறைவதற்கு ‘சார்கோபீனியா’ என்று இர்வின் ரோசன்பர்க் பெயரிட்டது 1980களின் இறுதியில். 1990இல் மரியா பியட்டரோனும் சகஆய்வாளர்களும் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் சராசரி வயது 90 உடைய பத்துப் பேரைக் கொண்டு தொடங்கிய ஆய்வின் முடிவை வெளியிட்டனர். எட்டு வாரம் கடுமையான காற்பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது; தொடைத்தசையின் பரப்பு 9 விழுக்காடு கூடியது. ஆய்வு சிறியது. ஆனால் தொண்ணூறு வயதுத் தசையும் பயிற்சிக்கு மறுமொழி தரும் என்பதை மறுக்க முடியாமற் செய்தது.

6

இங்கே ஒரு வினா எழும். வலிமை நலம் தரும் என்றால், வாழ்நாள் முழுவதும் சுமந்தவர்கள் அல்லவா மிகுந்த நலத்தோடு இருந்திருக்க வேண்டும்? திருவனந்தபுரத்தில் இவ்வினாவைக் கேட்பதற்குப் பொருத்தமான இடம் சாலைக் கடைவீதி. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசன் வளர்த்த அச்சந்தையில், லாரியிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து வண்டிக்கும் மூட்டைகளைத் தலையேற்றுபவர்கள் சுமட்டுத் தொழிலாளர்கள். 1978ஆம் ஆண்டின் கேரளச் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் அவர்களின் வேலைக்கும் கூலிக்கும் நலநிதிக்கும் வழி வகுத்தது. நீலச்சட்டை அணிந்த அவர்களைப் பற்றி நகரத்தார் பேசுவது பெரும்பாலும் கூலித் தகராறு பற்றியே. அவர்களின் முழங்காலையும் கழுத்தெலும்பையும் பற்றிப் பேசுவோர் குறைவு.

ஆய்வுகள் தரும் விடை ஒரே குரலில் இல்லை. ரால்ப் பேஃபன்பார்கர் 1975இல் வெளியிட்ட ஆய்வு, சான் பிரான்சிஸ்கோவின் 6,351 துறைமுகத் தொழிலாளர்களை 22 ஆண்டுகள் தொடர்ந்தது. கனமான சரக்கைக் கையாண்டவர்களிடம் மாரடைப்பு மரணம் குறைவாக இருந்தது. இதற்கு மாறாக, 17 ஆய்வுகளையும் 1,93,696 பேரையும் தொகுத்து 2018இல் வெளிவந்த பகுப்பாய்வு, கடும் உடலுழைப்புத் தொழிலில் உள்ள ஆண்களுக்கு முன்கூட்டிய மரண ஆபத்து 18 விழுக்காடு மிகுதி என்றது; பெண்களிடம் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. ஓய்வு நேரத்தில் செய்யும் உடலியக்கம் காக்கிறது, கூலிக்குச் செய்யும் உடலியக்கம் காக்கவில்லை என்னும் இம்முரண் இன்னும் விவாதத்தில் உள்ளது. வறுமை, புகை, உணவு, மருத்துவ வசதி ஆகியவற்றின் பங்கை முழுமையாகப் பிரித்தெடுக்க முடியாது என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

எனினும் இவ்விவாதம் உழைத்தலுக்கும் பயிலுதலுக்கும் இடையே மொழி கண்ட வேறுபாட்டை வேறொரு வழியில் கண்டடைகிறது. பயிற்சியில் எடை சிறுகச் சிறுக ஏறும்; எல்லாத் தசைகளுக்கும் முறை வரும்; இரண்டு நாளுக்கிடையில் ஓய்வு உண்டு; களைத்தால் நிறுத்தலாம். சுமக்கும் வேலையில் எடையைத் தீர்மானிப்பது மூட்டை. ஒரே கழுத்தும் ஒரே முதுகும் நாள்தோறும் எட்டு மணிநேரம் தாங்கும். ஓய்வென்பது கூலியிழப்பு. தசை வளர்வது பயிற்சி நேரத்தில் அன்று, அதற்குப் பின்வரும் ஓய்விலும் உணவிலும். சுமைதாங்கியை நட்டவர்கள் இந்த உண்மையின் பாதியை அறிந்திருந்தனர்.

ஆகவே “அந்தக் காலத்தில் உழைத்தார்கள், நோயில்லாமல் இருந்தார்கள்” என்னும் பொதுப்பேச்சைக் கவனத்தோடு அணுக வேண்டும். உரலும் அம்மியும் ஆட்டுக்கல்லும் பெண்களின் உடற்பயிற்சிக் கருவிகள் என்று புகழ்வோர், 1955இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி மாவரைக்கும் இயந்திரத்தை உருவாக்கியபோது வீடுகள் அதை ஏன் விரும்பி வரவேற்றன என்று கேட்டதில்லை. ஆட்டுக்கல்லை மீட்டு வருவது தீர்வு அன்று. ஆட்டுக்கல் போனபின் காலியான இடத்தில் பெண்களுக்கென்று எந்தப் பயிற்சியும் வரவில்லை என்பதே குறை.

7

வலிமையை எல்லார்க்கும் உரிய நல அளவையாக மாற்றிய கருவி, கைப்பிடியை அழுத்தி வலிமையைக் கிலோவில் காட்டும் ஒரு சிறு மானி. இளவட்டக்கல்லை நூறு பேரில் ஒருவர் தூக்குவார். இம்மானியை நூறு பேரும் அழுத்தலாம். ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் கிடைக்கும்.

பியூர் என்னும் பன்னாட்டு ஆய்வு 17 நாடுகளில் 35 முதல் 70 வயதுக்குட்பட்ட 1,39,691 பேரின் கைப்பிடி வலிமையை அளந்து, அவர்களைத் தொடர்ந்தது. ஆய்வை வழிநடத்திய கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக இதயநோய் அறிஞர் சலீம் யூசுஃப் கேரளத்தின் கொட்டாரக்கரையில் பிறந்தவர். பெங்களூர், சென்னை, ஜெய்ப்பூர், சண்டிகர் ஆகியவற்றோடு திருவனந்தபுரமும் பியூரின் இந்திய மையங்களுள் ஒன்று. 2015இல் லான்செட் இதழில் வெளியான முடிவு இது: கைப்பிடி வலிமை 5 கிலோ குறையக் குறைய, சராசரி நான்காண்டுத் தொடர்வில் மரண ஆபத்து 16 விழுக்காடு மிகுந்திருந்தது. மரணத்தை முன்னறிவிப்பதில் அது இரத்த அழுத்தத்தின் மேலெண்ணைக் காட்டிலும் திறம்பட இருந்தது.

இதைத் தவறாகப் படிக்கும் வாய்ப்பு உண்டு. கையை மட்டும் பயிற்றினால் ஆயுள் நீளும் என்று அவ்வாய்வு சொல்லவில்லை. உடல் முழுவதின் தசைநிலைக்கும், ஊட்டத்துக்கும், மறைந்திருக்கும் நோய்க்கும் கைப்பிடி ஓர் அடையாளம். தொடர்பு வேறு, காரணம் வேறு. ஆயினும் பயிற்சி நோக்கிய பிற ஆய்வுகள் இதே திசையைக் காட்டுகின்றன. தசைவலுப் பயிற்சி செய்வோரிடம் மொத்த மரணமும் இதயநோயும் நீரிழிவும் 10 முதல் 17 விழுக்காடு குறைவு என்றும், வாரத்துக்கு 30 முதல் 60 நிமிடத்திலேயே பெரும்பயன் கிட்டுகிறது என்றும் 2022இல் வெளிவந்த தொகுப்பாய்வு கூறியது. ஆசிய நாடுகளுக்கான சார்கோபீனியா ஆய்வுக்குழு 2019இல் எல்லைகளை வகுத்தது: ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் குறைந்த கைப்பிடி, அல்லது நாற்காலியில் ஐந்து முறை அமர்ந்தெழ 12 வினாடியோ மேலோ ஆதல், தசைக்குறைவின் எச்சரிக்கை.

8

கேரளத்துக்கு இது ஏன் பிற மாநிலங்களைவிட முன்கூட்டியே வந்த கேள்வி என்பதற்கு மக்கள்தொகையே விடை. 2011 கணக்கெடுப்பில் அறுபது வயதைக் கடந்தோர் இந்தியாவில் 8.6 விழுக்காடு, கேரளத்தில் 12.6. நீண்ட ஆயுளை ஈட்டிய மாநிலம், அந்த ஆயுளை எழுந்து நடக்கும் உடலோடு கழிக்க முடியுமா என்று கேட்கவேண்டிய நிலையில் இருக்கிறது. நீரிழிவு இக்கேள்வியை மேலும் கூர்மையாக்குகிறது. இன்சுலினின் ஏவலால் இரத்தத்திலிருந்து வெளியேறும் சர்க்கரையின் பெரும்பகுதியை ஏற்பது எலும்புத்தசை. தசை குறைந்தால் சர்க்கரை சென்று சேர இடம் குறைகிறது. உடல் மெலிந்து தோன்றினும் கொழுப்பு மிகுந்து தசை குன்றிய இந்திய உடலமைப்பில் இதன் விளைவு கடுமை. பாஸ்டனில் நீரிழிவுற்ற முதியோர் 62 பேரிடம் நடந்த 2002ஆம் ஆண்டு ஆய்வில், 16 வார எடைப்பயிற்சிக்குப் பின் பயிற்சிக்குழுவின் மூன்றுமாதச் சர்க்கரை அளவு 8.7இலிருந்து 7.6 விழுக்காடாக இறங்கியது.

திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தின் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம் 1,007 பேரிடம் நடந்தது. ஊர்க்காரர்களே குழுத் தலைவர்களாகி, உணவு, உடலியக்கம், புகை, மது பற்றிய மாற்றங்களை ஒருவருக்கொருவர் ஊக்குவித்தனர். 2018இல் வெளியான முடிவில், இரண்டாண்டில் புதிதாக நீரிழிவு அடைந்தோர் திட்டக்குழுவில் 14.9 விழுக்காடு, மற்றக் குழுவில் 17.1. இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதியானது அன்று. ஆனால் அன்றாடச் செயல்களைச் செய்யும் உடல்திறனின் மதிப்பெண் திட்டக்குழுவில் உயர்ந்திருந்தது. பெரிய கூடமோ விலையுயர்ந்த கருவியோ இல்லாமல் அண்டை வீட்டாரைக் கொண்டே மக்களைத் திரட்ட இயலும் என்பதை நெய்யாற்றின்கரை காட்டியது. அத்தகைய குழுக்களின் கையில் படிப்படியான வலிமைப்பயிற்சியைக் கொடுத்துப் பார்ப்பது அடுத்த ஆய்வுக்குரிய பொருள்.

நகரமோ நடக்கிறது. விடியற்காலையில் அருங்காட்சியக வளாகத்திலும் கனகக்குன்றிலும் நடப்போர் கூட்டம் திருவனந்தபுரத்தின் அடையாளங்களுள் ஒன்று. நடை இதயத்துக்கு நல்லது. ஆனால் தசையின் தேய்வைத் தடுக்க அது மட்டும் போதாது. உலக நலவாழ்வு அமைப்பின் 2010, 2020 வழிகாட்டுதல்கள் இரண்டும் வாரத்தில் குறைந்தது இரு நாள் தசைவலுப் பயிற்சியையும் கேட்கின்றன. முதியோர்க்கு, சமநிலையும் வலிமையும் சேர்ந்த பயிற்சியை மூன்று நாளாவது செய்யவேண்டும் என்று 2020 வழிகாட்டுதல் கூறுகிறது. இந்தப் பாதியை மருத்துவர் சீட்டில் காண்பது அரிது. “நடங்கள்” என்று எழுதுகிறார்கள். “தூக்குங்கள்” என்று எழுதுவதில்லை. பெண்களுக்கு அது இன்னும் அரிது. ஆனால் எலும்படர்த்தி குறைந்த மாதவிடாய் நின்ற பெண்கள் 101 பேரைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், வாரம் இருமுறை அரைமணிநேரம் மேற்பார்வையோடு கனமான எடை தூக்கியவர்களின் முதுகெலும்படர்த்தி எட்டு மாதத்தில் 2.9 விழுக்காடு உயர்ந்தது; இலேசான பயிற்சி மட்டும் செய்தவர்களிடம் 1.2 விழுக்காடு குறைந்தது.

மேற்பார்வை என்ற சொல் இங்கு முக்கியம். தலைநகரின் காரியவட்டத்தில் 1985 முதல் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி இயங்குகிறது. கிழக்கேகோட்டையில் பயிற்சியையும் சிகிச்சையையும் ஒரே கூரையின் கீழ் வைத்த களரி இருக்கிறது. வட்டந்தோறும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. உடலைப் பயிற்றத் தெரிந்தவரும், உடலை ஆற்றத் தெரிந்தவரும், மக்களின் வாசலில் நிற்பவரும் ஒரே மாவட்டத்தில் இருந்தும், முழங்கால் வலியோடு வரும் அறுபது வயதுப் பெண் மூவரையும் ஒன்றாகச் சந்திப்பதில்லை. ஆசான்களின் மரபில் ஒரே கையில் இருந்தவை இன்று மூன்று துறைகளாகப் பிரிந்து கிடக்கின்றன.

பத்மநாபபுரத்தில் கல் இன்றும் மேடைமேல் இருக்கிறது. சுற்றுலா வந்தவர்கள் அதைப் பார்த்து, தம்மால் தூக்க இயலாது என்று சிரித்து நகர்கின்றனர். அவர்களுக்கு உதவக்கூடிய எடை 38 கிலோ அன்று. இரண்டு கிலோ அரிசிப் பையாகவோ, தண்ணீர் நிறைத்த புட்டியாகவோ, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழும்போது தாங்கும் தம் உடலாகவோ இருக்கலாம். அடுத்த வாரம் அது சிறிது கூட வேண்டும்; இடையில் ஒருநாள் ஓய்வும் வேண்டும். தூக்கும் கல்லையும் இறக்கும் கல்லையும் ஒரே மனிதர்க்கு உரியனவாக ஆக்குவது அவ்வளவு எளிய செயல். இந்நிலத்தின் வரலாறு அதை ஏறத்தாழ யாருக்கும் ஒருசேர வழங்கியதில்லை.